டின்னுக்குள் போன குடும்பப் பெயர்: செஃப் பாயார்டீயின் கதை

இன்னைக்கு எபிசோட் ஒரு டின் ஸ்பகெட்டியைப் பத்தினது.

அமெரிக்க சூப்பர் மார்க்கெட்ல செஃப் பாயார்டீன்னு ஒரு பிராண்ட் உண்டு. வெள்ளைத் தொப்பி, மீசை, சிரிச்ச முகம்னு ஒரு சமையல்காரர் படம் டின் மேல இருக்கும். ஏதோ விளம்பரக் கம்பெனி உருவாக்கின கற்பனை ஆள்னுதான் நிறைய பேர் நினைக்கிறாங்க. இல்லைங்க. அவர் நிஜமாவே வாழ்ந்த ஆள். பேர் எட்டோரே போயார்டி. 1897-ல் வட இத்தாலியில, பியாசென்சாங்கிற ஊர்ல பிறந்தவர்.

11 வயசுலயே உள்ளூர் ஹோட்டல் கிச்சன்ல எடுபிடி வேலைக்குச் சேர்ந்துட்டார். உருளைக்கிழங்கு உரிக்கிறது, குப்பை கொட்டுறது, அந்த மாதிரி வேலைதான். 1914-ல், 16 வயசுல, கப்பல் ஏறி நியூயார்க் போறார். அண்ணன் பாவ்லோ ஏற்கெனவே அங்கே பிளாசா ஹோட்டல்ல வேலை பார்த்துட்டு இருந்தார். தம்பிக்கும் அதே ஹோட்டல் கிச்சன்ல இடம் கிடைச்சது. புலம்பெயர்ந்த குடும்பங்கள்ல இது வழக்கமா நடக்கிறதுதான். முதல்ல ஒருத்தர் போவார், அவர் கையைப் பிடிச்சு மத்தவங்க போவாங்க.

அப்புறம் ஒஹாயோ மாநிலத்துல கிளீவ்லாந்து. 1920-களின் நடுவில் அங்கே மனைவியோட சேர்ந்து சொந்தமா ஒரு ரெஸ்டாரன்ட் தொடங்குறார். பேர் 'இல் ஜார்டினோ டிட்டாலியா', அதாவது இத்தாலியத் தோட்டம்.

இந்தக் காலகட்டத்தைக் கொஞ்சம் கவனிக்கணும். 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்துல சில வருஷங்கள்ல, ஒரே வருஷத்துல ரெண்டு லட்சத்துக்கும் மேல இத்தாலியர்கள் அமெரிக்கா வந்தாங்க. 1924-ல் அமெரிக்கா ஒரு குடியேற்றச் சட்டம் போட்டு, இத்தாலிக்கான வருடாந்தர அனுமதியை நாலாயிரத்துக்கும் கீழே கொண்டு வந்துடுச்சு. 'உங்க ஆளுங்க இனிமே இங்க வேண்டாம்'னு ஒரு நாடு சட்டமாவே சொல்லுது. அதே நேரத்துல அந்த நாட்டுக்காரங்க இவரோட கடையில டேபிளுக்காகக் காத்திருக்காங்க. சாப்பாடு பிடிச்சிருக்கு, சமைக்கிற ஆளுங்க மட்டும் வேண்டாம். இந்த முரண்பாடு கதை முழுக்க வரும்.

பால் பாட்டில்ல பார்சல்

சாப்பிட்டவங்க எல்லாரும் ஒரே விஷயத்தைத்தான் கேட்டாங்க: "இந்த சாஸை வீட்டுக்குக் கொடுப்பீங்களா?" அவர் கழுவி வச்ச பால் பாட்டில்ல தக்காளி சாஸை ஊத்திக் கொடுக்க ஆரம்பிச்சார். கூடவே வேகவைக்காத ஸ்பகெட்டி, கொஞ்சம் சீஸ். எப்படிச் சமைக்கணும்னும் சொல்லி அனுப்புவார். இதுக்காக யாரும் சர்வே எடுக்கல, பிட்ச் டெக் போடல. கிச்சனால சமாளிக்க முடியாத அளவுக்கு ஆர்டர் வந்தது, அவ்வளவுதான்.

கடைக்கு அடிக்கடி வந்த மாரிஸ் வைனர், ஈவா வைனர்ங்கிற தம்பதிக்கு சொந்தமா மளிகைக் கடைச் சங்கிலி இருந்தது. அதுவும் செல்ஃப் சர்வீஸ் கடைகள். அந்தக் காலத்துக்கு இது புதுசு. வழக்கமான கடையில சாமானைக் கடைக்காரர்தான் எடுத்துத் தருவார். இங்கே நாமே அலமாரியில இருந்து எடுத்துக்கலாம். அப்போ பொருளைப் பத்திப் பேச ஆள் கிடையாது, டின்தான் பேசணும். சாஸைப் பெரிய அளவுல டின்ல அடைக்கிறதுக்கும், ஊர் ஊரா அனுப்புறதுக்கும் வைனர் தம்பதி உதவினாங்க. 1928-ல் ஃபேக்டரி வந்தது. எட்டோரே, பாவ்லோ, மரியோன்னு மூணு சகோதரர்களும் சேர்ந்து நடத்தின கம்பெனி.

இங்கே ஒரு சமையல் விஷயம். முதல்ல விற்ற பெட்டியில ஸ்பகெட்டி காய்ஞ்சதாவே இருந்தது. சாஸ் தனி, சீஸ் தனி. வாங்கினவங்கதான் வேகவைக்கணும். அதனால நடுவுல லேசா கடிபடுற பதம், இத்தாலியர்கள் உயிரை விடுற அந்தப் பதம், நம்ம கையில இருந்தது. பின்னாடி எல்லாமே ஒரே டின்னுக்குள்ள போயிடுச்சு. மூடின டின்னைக் கிருமி சாகுற அளவுக்குச் சூடு பண்ணியே ஆகணும். அந்தச் சூட்டுல பாஸ்தா குழைஞ்சுதான் போகும். கெடாம இருக்கணுமா, பதமா இருக்கணுமான்னு வந்தா, ஃபேக்டரி முதல்லதைத்தான் எடுக்கும்.

பேரை உடைச்சது

அடுத்த சிக்கல் பேர். பி, ஓ, ஐ, ஏ, ஆர், டி, ஐன்னு ஆங்கிலத்துல எழுதியிருந்த குடும்பப் பேரை வாடிக்கையாளரை விடுங்க, கம்பெனியோட சொந்த சேல்ஸ் ஆளுங்களாலயே சரியா சொல்ல முடியல. அதனால உச்சரிக்கிற மாதிரியே மூணு துண்டா உடைச்சு, நடுவுல கோடு போட்டு, 'பாய்-ஆர்-டீ'ன்னு டின்ல அச்சடிச்சாங்க. எட்டோரே 'ஹெக்டர்' ஆனார், பாவ்லோ 'பால்' ஆனார். கிளையன்ட் கால்ல வாய்க்கு வசதியா பேரைச் சுருக்கிக்கிட்ட யாருக்கும் இது புரியும். என்ன, நாம கால் முடிஞ்சதும் பழைய பேருக்குத் திரும்பிடுவோம். இவங்க பேர் டின்லயே நின்னுடுச்சு.

1930-களின் பொருளாதார மந்தத்துல, குறைஞ்ச காசுல குடும்பமே வயிறு நிறையச் சாப்பிடலாம்ங்கிறதுதான் இவங்க பலம். தேவை ஏற ஏற, 1938-ல் ஃபேக்டரியைப் பென்சில்வேனியாவுல மில்டன்ங்கிற சின்ன ஊருக்கு மாத்தினாங்க. சுத்துவட்டார விவசாயிகள் இவங்களுக்காகத் தக்காளி பயிரிட்டாங்க.

அப்புறம் போர். 1941 டிசம்பர்ல அமெரிக்காவும் இத்தாலியும் எதிரி நாடுகள் ஆயிடுச்சு. அமெரிக்காவுல குடியுரிமை வாங்காம இருந்த சுமார் ஆறு லட்சம் இத்தாலியர்களை 'எதிரி நாட்டவர்'னு அரசு வகைப்படுத்துச்சு. 1942 அக்டோபர்லதான் அந்த முத்திரையை எடுத்தாங்க. அதே போர்ல, அமெரிக்க ராணுவத்துக்கு உணவு அனுப்ப மில்டன் ஃபேக்டரி இரவும் பகலுமா ஓடுச்சு. நான் முதல்ல சொன்ன முரண்பாடு இங்கே உச்சத்துக்குப் போகுது.

1946

போர் முடிஞ்சது. ராணுவ ஆர்டர் நின்னுச்சு. ஆனா போருக்காக வேலைக்கு எடுத்த ஆயிரக்கணக்கான பேர் இருக்காங்க. குடும்பத்துக்குள்ளயும் பங்கு சம்பந்தமா உரசல். எட்டோரே முன்னாடி ரெண்டு வழி இருந்தது. கம்பெனியைச் சின்னதாக்கி, ஆட்களை வீட்டுக்கு அனுப்பிட்டு, குடும்பத் தொழிலா வச்சுக்கலாம். இல்லன்னா பெரிய கம்பெனிகிட்ட வித்துட்டு, ஃபேக்டரி தொடர்ந்து ஓட வழி பண்ணலாம். அவர் ரெண்டாவதைத் தேர்ந்தெடுத்தார். 1946-ல் சுமார் 60 லட்சம் டாலருக்கு அமெரிக்கன் ஹோம் புராடக்ட்ஸ் கம்பெனி வாங்கிக்கிச்சு.

"பாரம்பரியத்தை வித்துட்டார்"னு இதைச் சுலபமா சொல்லிடலாம். எனக்கு அப்படித் தோணல. மில்டன் மாதிரி ஒரு சின்ன ஊர்ல அத்தனை பேருக்கு ஒரே நாள்ல வேலை போனா அந்த ஊர் என்ன ஆகும்? லே-ஆஃப் மெயில் வந்த நண்பர்கள் நம்ம எல்லாருக்கும் இருக்காங்க. அந்த வலி தெரிஞ்சவங்க இந்த முடிவைக் கேலி பண்ண மாட்டாங்க.

அதுக்கு அவர் கொடுத்த விலையும் உண்டு. டின்னுக்குள்ள என்ன போகணும்ங்கிற கடைசி வார்த்தை இனிமே அவர்கிட்ட இல்லை. ஆலோசகரா இருந்தார், டிவி விளம்பரத்துல அதே தொப்பியோட வந்தார். ஆனா முகம் மட்டும்தான் அவரோடது, முடிவு வேற யாரோடதோ. 1985-ல் 87 வயசுல இறந்துபோனார். முகம் இன்னும் வேலை பார்க்குது. 2000-ல் கோனாக்ரா கம்பெனி கைக்குப் போன பிராண்ட், 2025-ல் சுமார் 60 கோடி டாலருக்கு மறுபடியும் கை மாறுச்சு.

பின்னாடி திரும்பிப் பார்த்தா, அவர் வச்ச ஒவ்வொரு அடியும் நியாயமாத்தான் இருக்கு. கேட்டாங்க, பார்சல் கொடுத்தார். ஆர்டர் கூடுச்சு, ஃபேக்டரி போட்டார். பேர் வாயில நுழையல, உடைச்சார். வேலை போகும்னாங்க, வித்தார். எந்த இடத்துலயும் "இங்கேதான் தப்பு"ன்னு விரல் வைக்க முடியாது. ஆனா முதல் அடியில இருந்த சாஸும் கடைசி அடியில இருக்கிற சாஸும் ஒண்ணு இல்லை. ஒரு விஷயம் வளரும்போது நாம விட்டுக்கொடுக்கிறது பெரும்பாலும் இப்படித்தான், கொஞ்சம் கொஞ்சமா, நல்ல காரணங்களோட போகும்.

இன்னொரு பக்கமும் இருக்கு. அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த ஆன்னா போயார்டி 2011-ல் தங்கள் வீட்டுச் சமையலைப் பத்தி ஒரு புத்தகம் கொண்டு வந்தாங்க. பிராண்ட் பல கை மாறினாலும், வீட்டுச் சமையல் குடும்பத்தை விட்டுப் போகல. அதை வாங்க எந்தக் கம்பெனியும் காசு கொடுக்கல. அதனாலேயே பத்திரமா இருந்திருக்கு.

நீங்க அந்த 1946-ல் இருந்திருந்தா என்ன முடிவு எடுத்திருப்பீங்க? யோசிச்சு எழுதுங்க.