ஓட்டுக்குள்ளிருந்து ஒரு குரல்



லூக்கா நற்செய்தி 13ஆம் அதிகாரத்தின் கடைசிப் பகுதியை இன்று சிந்திப்போம். ஏரோது உம்மைக் கொல்லப் பார்க்கிறான், இங்கிருந்து போய்விடும் என்று பரிசேயர் சிலர் வந்து சொல்கிறார்கள். ஆண்டவர் ஏரோதை நரி என்கிறார். நரிக்கு எதிரே தம்மைச் சிங்கம் என்று சொல்லியிருக்கலாம். அவரோ, குஞ்சுகளைச் சிறகுக்குள் கூட்டிச் சேர்க்கும் கோழிக்குத் தம்மை ஒப்பிடுகிறார்.

கோழி அடைவைக்கத் தெரிந்த அம்மாமார் பலர் இதைக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். ஓலைப்பெட்டியில் மணல் பரப்பி, வைக்கோல் போட்டு, பத்துப் பன்னிரண்டு முட்டை வைப்பீர்கள். இடிக்குக் கெட்டுப்போகாமலிருக்க ஓர் இரும்புத் துண்டும் கரித்துண்டும் சேர்த்து வைப்பீர்கள். இடிக்கும் இரும்புக்கும் என்ன சம்பந்தமோ, அதைப் பெரியவர்களிடம் கேட்டுவிட முடியாது! இப்போது தெர்மாக்கோல் பெட்டியில் பல்பு எரியவிட்டுப் பொரிக்கவைக்கிற பிள்ளைகளும் இருக்கிறார்கள். 37.5 டிகிரி சூடு, ஈரத்துக்கு ஒரு கிண்ணம் தண்ணீர், நாளுக்கு மூன்று நான்கு முறை முட்டையைத் திருப்புவது, எல்லாம் அலாரம் வைத்துச் செய்கிறார்கள். கோழிக்கு அலாரம் வேண்டாம். அதன் வயிற்றுப் பக்கத்து இறகு உதிர்ந்து, வெறுந்தோல் முட்டையில் படுகிறது. இரை தின்ன நாளுக்கு ஒருமுறை இறங்கும், கொஞ்ச நேரத்தில் திரும்பி ஓடிவரும். 21 நாளில் மெலிந்துபோகும்.

தொடக்க நூலில், நீரின்மேல் கடவுளின் ஆவி அசைந்தாடியதற்கு, முட்டையின்மேல் பறவை அமர்ந்து சூடு கொடுப்பதுபோல என்று சிரியா நாட்டவர் ஒருவர் சொன்ன விளக்கத்தை, நான்காம் நூற்றாண்டிலேயே புனித பசிலியார் தம் மறையுரையில் எடுத்துச் சொல்கிறார்.

கடைசி மூன்று நாள்தான் பொறுமைக்குச் சோதனை. 18ஆம் நாளோடு திருப்புவதை நிறுத்திவிட வேண்டும். குஞ்சு முதலில் முட்டையின் அகன்ற முனையிலுள்ள காற்றறையைக் குத்தி, உள்ளே இருந்தபடியே முதல் மூச்சை இழுக்கிறது. பிறகு ஓட்டுக்குள்ளிருந்து கீச்சிடுகிறது. தாய்க்கோழி கொக்கொக்கென்று பதில் கொடுக்கிறது. ஓட்டில் கீறல் விழுந்த பிறகும் குஞ்சு வெளியே வர ஒரு முழு நாள் ஆகலாம். பொறுக்கமாட்டாத பிள்ளைகள் ஓட்டைப் பிய்த்துக் குஞ்சை இழுத்துவிடுவார்கள். அப்போது உட்தோலின் இரத்தக் குழாய்கள் வற்றியிருக்காது, மஞ்சள் கரு முழுதும் வயிற்றுக்குள் போய்ச் சேர்ந்திருக்காது. இரத்தம் கசிந்தே குஞ்சு செத்துப்போகும். கோழியோ இழுப்பதுமில்லை, எழுந்து போவதுமில்லை. உட்கார்ந்தபடி குரல் கொடுக்கிறது.

மகள் தான் விரும்பியவரோடு போய்விட்ட வீடுகள் நம் பங்குகளில் ஒன்றிரண்டல்ல. முதல் மாதம் ஆள் அனுப்பி இழுத்துவரப் பார்ப்போம். முடியாதபோது, அப்படி ஒருத்தி பிறக்கவே இல்லை என்போம். சுவரிலிருந்த புதுநன்மைப் படம் பெட்டிக்குள் போய்விடும். குடும்பச் செபமாலையிலும் அவள் பெயர் வராது. அம்மா மட்டும் மனதுக்குள் சொல்லிக்கொள்வாள். குஞ்சுகள் வர விரும்பவில்லை என்ற வேதனை ஆண்டவருக்கும் இருந்தது, அதை வாய்விட்டே சொல்கிறார். ஆனாலும் எருசலேமுக்குப் போகும் வழியை அவர் மாற்றிக்கொள்ளவில்லை.

இதைக் கேட்டுக்கொண்டிருக்கிற அப்பாவுக்கு ஒன்று சொல்கிறேன். அவள் செய்தது சரி என்று நீங்கள் ஒத்துக்கொள்ள வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அதையெல்லாம் பிறகு பேசிக்கொள்ளலாம். அவளுடைய நம்பரை நீங்கள் இன்னும் அழிக்கவில்லை என்பது உங்களுக்கும் ஆண்டவருக்கும் தெரியும். இன்று ராத்திரி செபமாலை முடிந்ததும் கூப்பிடுங்கள். என்ன பேசுவது என்று யோசித்துக்கொண்டிருக்க வேண்டாம். "சாப்பிட்டியா மக்ளே?" என்று கேளுங்கள்.