நின்று சென்ற சக்கரம்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று இச்சபைக்கு யாம் கால்மணி நேரம் பிந்தி வந்தோம். விழாக் காரியதரிசி வாயிலில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்ததை யாமும் கண்டோம். அதற்காக முதற்கண் சபையோரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கின்றோம். பிந்தியதற்குக் காரணம் ஒன்று உண்டு. அதனை உரையின் முடிவிற் சொல்லுகின்றோம்.

பிரயாண அனுபவம் ஒன்றைப் பற்றிப் பேசுமாறு பணித்திருக்கின்றார்கள். 2019ஆம் ஆண்டு ஆடி மாதத்தில், எழுபத்தெட்டு வயதான எமது தாயாரையும் அழைத்துக்கொண்டு, லண்டன் மாநகரில் வாழும் தம்பி வீட்டுக்குச் சென்றிருந்தோம். அங்கே பார்த்தவை பல. அவற்றுள் தேம்ஸ் நதிக்கரையில் நிற்கும் இராட்சதச் சக்கரத்தில் ஏறிய அரை மணி நேரத்தை மாத்திரம் இன்று எடுத்துக்கொள்கின்றோம்.

திருவிழாக் கடைத்தெருவிலே இராட்டினம் ஏறாத பிள்ளை நம் ஊரில் இல்லை. அந்த இராட்டினத்தையே வானளாவ வளர்த்தால் எப்படியிருக்கும் என்று எண்ணியவர் பெரிஸ் என்னும் அமெரிக்க எந்திரவியலாளர். 1893ஆம் ஆண்டிலே சிக்காகோ நகரில் நடந்த உலகக் கண்காட்சியில் 264 அடி உயரமான சக்கரமொன்றை அவர் நிறுவினார். அதிலே 36 பெட்டிகள்; பெட்டி ஒன்றுக்கு 60 பேர். கண்டோர் வியந்தனர், ஏறியோர் மகிழ்ந்தனர். ஆனால், நிறுவியவரோ 1896இல், தமது 37ஆம் வயதிலேயே காலமானார். அச்சக்கரமும் 1906இல் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. 1897இல் வியன்னா நகரில் எழுந்த சக்கரமோ, உலக யுத்தத்தில் எரிந்தும் மீண்டும் புதுப்பிக்கப்பட்டு இன்றுவரை சுழல்கின்றது.

லண்டன் சக்கரத்தின் கதை இளைஞர்கள் அறிந்துகொள்ள வேண்டியது. புத்தாயிரம் பிறப்பதை நினைவுகூர ஒரு சின்னம் அமைக்கவேண்டுமென்று 1993ஆம் ஆண்டிலே ஒரு போட்டி நடந்தது. டேவிட் மார்க்ஸ், ஜூலியா பார்பீல்ட் என்னும் கட்டடக் கலைஞர்களாகிய கணவனும் மனைவியும் இச்சக்கரத்தை வரைந்து அனுப்பினர். அப்போட்டியில் எவருக்குமே பரிசு கிடைக்கவில்லை. பரிசு இல்லையென்று அவர்கள் படத்தைச் சுருட்டி மூலையில் வைக்கவுமில்லை. தாமே முயன்று, பொருள் திரட்டி, அனுமதி பெற்று, ஆண்டுகள் சில அலைந்தனர். சக்கரத்தின் பாகங்கள் நதி வழியாகவே வந்தன. நதியின்மீது படுக்கவைத்துப் பூட்டி, பின்னர் நிமிர்த்தினர். 1999 செப்ரெம்பரில் முதல் முறை நிமிர்த்தியபொழுது வடம் ஒன்று நழுவியமையால் வேலை தடைப்பட்டது. ஒரு மாதம் கழித்து மறுமுறை முயன்று நிறுத்தினர். அவ்வாண்டு டிசம்பர் 31இல் அந்நாட்டுப் பிரதம மந்திரி திறந்துவைத்தார். பொதுமக்கள் ஏறத் தொடங்கியது 2000ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில். ஐந்தாண்டுகளுக்கு மட்டும் என்று அனுமதி பெற்ற சக்கரம் இன்று அந்நகரின் அடையாளமாகவே நிலைத்துவிட்டது.

அதன் உயரம் 135 மீற்றர். நன்கு வளர்ந்த பனைகள் ஐந்தை ஒன்றன்மேலொன்றாக நிறுத்தினால் அவ்வளவு வரும். துவிச்சக்கர வண்டியின் கம்பிகளைப் போலவே, இழுத்துக் கட்டிய உருக்கு வடங்கள் விளிம்பை நடுவச்சோடு பிணைத்து நிற்கின்றன. விளிம்பின் வெளிப்புறத்தே 32 கண்ணாடிக் கூண்டுகள். கூண்டு ஒன்றுக்கு 25 பேர். கூண்டுகளின் இலக்கங்கள் 33 வரை ஓடுகின்றன. ஆயினும் 13 என்னும் இலக்கம் இல்லை. சகுனம் பார்ப்பவர்கள் நாம் மாத்திரமே என்று எண்ணி வெட்கப்படுவோர் ஆறுதல் அடையலாம்!

ஒரு சுற்றுக்கு அரை மணி நேரம் செல்லும். வினாடிக்கு ஓரடிக்கும் குறைவான வேகம். ஆகவே, ஆட்களை ஏற்றுவதற்காக அது நிற்பதில்லை. ஓடும்பொழுதே ஏறவேண்டும், ஓடும்பொழுதே இறங்கவேண்டும். இந்த ஒரு செய்தியை மனத்தில் வைத்துக்கொள்ளுமாறு வேண்டுகின்றோம்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. பாதாளப் புகைவண்டியில் வந்திறங்கி வெஸ்ட்மின்ஸ்டர்ப் பாலத்தின் மேலாக நடந்தோம். பிள்ளைகள் முன்னே ஓடினர். தம்பி நேரத்தைப் பார்த்துக்கொண்டே நடந்தான். யாமோ படம் பிடித்துக்கொண்டு நடந்தோம். பாலத்தின் முடிவிலே படிகளில் இறங்கித் திரும்பிப் பார்த்தால், அம்மா கைபிடியைப் பற்றியபடி ஒவ்வொரு படியாக இறங்கிக்கொண்டிருந்தார். முழங்கால் நோவு அவருக்குப் பல வருடங்களாக உண்டு.

சீட்டு வாங்கினோம். யாமும் எம் இல்லாளும், தம்பியும் அவன் மனைவியும், பிள்ளைகள் இருவரும்; ஆக ஆறு சீட்டுகள். சபையோரே, எண்ணிப் பாருங்கள். வந்தவர்கள் ஏழு பேர்.

"நீங்கள் போட்டு வாங்கோ பிள்ளையள். நான் இதிலை இருந்து பையளைப் பாத்துக்கொள்ளுறன்" என்றார் அம்மா. எம் இல்லாள் தானும் உடனிருப்பதாகச் சொன்னதற்கும் அவர் இணங்கவில்லை. அம்மாவே சொல்லிவிட்டார் என்பது எமக்கு வசதியாய்ப் போயிற்று. வாங்கு ஒன்றில் அவரை இருத்திவிட்டு வரிசைக்கு நடந்தோம்.

அப்பொழுது தம்பியின் மகள், ஒன்பது வயதுச் சிறுமி, எமது கையைப் பிடித்து இழுத்தாள்.

"பெரியப்பா, அப்பம்மா ஏன் வரேல்லை?"

தம்பி முந்திக்கொண்டு மறுமொழி சொன்னான்: "அப்பம்மாவுக்கு முழங்கால் நோ, பிள்ளை. உந்தச் சக்கரம் நிக்காது. ஓடேக்கைதான் ஏறவேணும்."

"நீங்கள் கேட்டனீங்களோ?"

யாம் கேட்கவில்லை. ஒருவரும் கேட்கவில்லை. அவள் போய்க் கேட்டாள். அங்கு நின்ற ஊழியர் ஒருவர் குனிந்து அவளுக்குச் சொன்ன மறுமொழி இதுதான்: வயோதிபர்களுக்கும் நடக்க இயலாதவர்களுக்கும் சக்கரம் நிற்கும், ஏறும் இடத்திலே சொன்னாற் போதும்.

ஏழாவது சீட்டை வாங்கினோம். எமது முறை வந்தபொழுது ஊழியர் கையை உயர்த்தினார். அத்தனை பெரிய சக்கரம் மெல்ல ஓய்ந்து நின்றது. உள்ளே எண்ணூறு பேர்வரை ஏறக்கூடிய சக்கரம், எமது தாயார் ஒருவர் காலெடுத்து வைப்பதற்காகக் காத்து நின்றது. அம்மா பேத்தியின் கையைப் பற்றி ஏறி உள்ளே அமர்ந்தார். ஒரு நிமிஷமும் ஆகவில்லை. சக்கரம் மீண்டும் நகர்ந்தது. உச்சியில் இருந்தவர்களில் எவரேனும் அதை உணர்ந்திருப்பாரோ தெரியாது. உணர்ந்திருந்தாலும் அவர்கள் இழந்தது ஒன்றுமில்லை. ஒரு நிமிஷம் கூடுதலாக உயரத்தில் இருந்தார்கள், அவ்வளவே.

கூண்டு மேலேறியது. கீழே தேம்ஸ் நதி கலங்கல் நிறத்தில் வளைந்து கிடந்தது. மறுகரையில் பாராளுமன்றமும் மணிக்கூட்டுக் கோபுரமும் பிள்ளைகள் அடுக்கிய விளையாட்டு வீடுபோல் தோன்றின. 1947ஆம் ஆண்டிலே இலங்கைச் சுதந்திரச் சட்டம் நிறைவேறியது அங்கேதான் என்று அம்மாவுக்குக் காட்டினோம். அவருக்கு அப்பொழுது ஆறு வயது. அதை அவர் அவ்வளவாகப் பொருட்படுத்தவில்லை. கண் வேறெதையோ தேடிற்று.

"தம்பி, உன்ரை வீடு எந்தப் பக்கம்?" என்று கேட்டார்.

"வடமேற்குப் பக்கம், அம்மா. அந்தப் புகாருக்கு அங்காலை. இஞ்சையிருந்து தெரியாது."

"அப்ப வேலைக்குப் போறது?"

"அது கிழக்கை. அந்தா, உயரக் கட்டடங்கள் தெரியுது பாருங்கோ."

அம்மா அந்தப் பக்கத்தையும் பார்த்தார். இந்தப் பக்கத்தையும் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "இவ்வளவு தூரமோ! நாள்தோறும் போய் வாறனியே, மோனை."

அதற்கு முன் மூன்று கிழமைகளாக அம்மாவின் மனத்திலே ஒரு குறை இருந்தது. மகன் இருட்டோடு போகின்றான், இருட்டோடு வருகின்றான். பக்கத்திலே இருந்து ஒரு வார்த்தை பேசுகின்றானில்லை என்று எம் இல்லாளிடம் சொல்லிக் கவலைப்பட்டவர் அவர். அக்குறை அந்த உயரத்திலே தீர்ந்தது. தம்பி ஒன்றும் பேசவில்லை. அம்மாவின் அருகே வந்து குந்தி, அவருடைய முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தான். கூண்டு இறங்கும்வரை கைக்கடிகாரத்தை அவன் பார்க்கவேயில்லை.

அன்பர்களே, வாழ்வை வண்டிச் சக்கரத்துக்கு ஒப்பிட்டு, மேலது கீழாகும், கீழது மேலாகும் என்று நம் முன்னோர் அறிவுறுத்தினர். அஃது எவரும் அறிந்த உண்மை. யாம் அன்று அறிந்துகொண்டது வேறொன்று. சக்கரம் நிற்காது என்று நாமே முடிவு செய்துவிடுகின்றோம். நிற்குமோ என்று ஒரு வார்த்தை கேட்பதில்லை. வேலை நிற்காது, படிப்பு நிற்காது, பஸ் நிற்காது என்கின்றோம். "நீங்கள் போட்டு வாங்கோ" என்று பெரியவர்கள் சொல்லும்பொழுது, அதனை அவர்களுடைய விருப்பமென்று எடுத்துக்கொள்கின்றோம். அது விருப்பமன்று, நமக்குக் கரைச்சல் கொடுக்கலாகாது என்னும் அன்பு. அந்த அன்பையே சாட்டாக வைத்து அவர்களை வாங்கிலே இருத்திவிட்டுப் போகின்றோம்.

பெரியோர்களுக்கும் ஒரு விண்ணப்பம். வர விருப்பமானால் விருப்பமென்று சொல்லுங்கள். அம்மா அன்று ஏறியிராவிட்டால் மகன்மீது கொண்ட குறையோடேயே ஊர் திரும்பியிருப்பார். பிள்ளைகள் ஓடும் தூரம் எவ்வளவென்று பார்ப்பதற்கும் அவர்களோடு கூட ஏறவேண்டியிருக்கின்றது.

இனி, பிந்தி வந்த காரணத்தைச் சொல்லவேண்டும். இன்று மாலை வேட்டி சால்வையோடு புறப்பட்டபொழுது, அம்மா விறாந்தையிலே இருந்தார். "நீ போட்டு வா, தம்பி" என்றார். சரியென்று சொல்லிப் படலைவரை வந்துவிட்டோம். அந்தக் கதையையே மேடையிற் சொல்லப் புறப்பட்டவர் யாம்! படலையிலே நின்றபொழுதுதான் பேத்தியின் கேள்வி காதில் விழுந்தது. திரும்பிப் போய்க் கேட்டோம். "வரத்தான் விருப்பம், படியள் ஏறவேணுமே" என்றார். முச்சக்கர வண்டி ஒன்றைப் பிடித்து அழைத்து வந்தோம். மூன்றாவது வரிசையில், தூணுக்குப் பக்கத்திலே இருக்கின்றார்.

இம்மண்டபத்தின் வாயிலில் ஐந்து படிகள் உள்ளன. கைபிடி இல்லை. சங்கத்து இளைஞர் இருவர் ஓடிவந்து அம்மாவைத் தாங்கி ஏற்றினார்கள். அவர்களுக்கு எமது நன்றி. ஆனால், தாங்க ஆள் இருக்கும் நாளில் மாத்திரம் வரக்கூடிய மண்டபம் பெரியவர்களுடைய மண்டபம் ஆகாது. அடுத்த ஆண்டு விழாவுக்கு முன்னர் அப்படிகளின் ஒரு பக்கத்தே சாய்தளமும் இரும்புக் கைபிடியும் அமைத்துத் தரவேண்டுமென்று இளைஞர்களைக் கேட்டுக்கொள்கின்றோம். சீமெந்துச் செலவிலே எமது பங்கை இன்றைக்கே பொருளாளரிடம் ஒப்படைக்கின்றோம். மிச்சம் உங்கள் கைகளில்.

சக்கரம் நிற்கும், அன்பர்களே. கேட்கத்தான் வேண்டும்.