கொடாததைக் கொள்ளாமை: மென்பொருளும் அதன் பூட்டும்



களவு என்றதும் கன்னக்கோலும் இருளும் சுவரேறிக் குதிப்பவனும் மனக்கண்ணில் தோன்றுவது வழக்கம். இன்றோ வெளிச்சமான அறையில், நாற்காலியில் அமர்ந்தபடியே நிகழும் களவு ஒன்று உண்டு. கணினியில் இயங்கும் மென்பொருளை விலைகொடுத்து வாங்காமல், அதன் பூட்டை உடைத்துப் பயன்படுத்துவதே அது. ‘கிராக்’ என்னும் பெயரால் அது வழங்குகிறது. பிறர் பொருளில் ஒரு குண்டூசியையும் தொடாத நல்ல குடும்பத்துப் பிள்ளைகளும் இதனைக் களவு என்று எண்ணுவதில்லை.

இதற்கு மறுபுறமும் உண்டு. வணிகர் ஒருவர் தம் கடைக் கணக்கிற்காக முழு விலை கொடுத்து ஒரு மென்பொருளை வாங்குகிறார் என்று கொள்வோம். ஈராண்டுகளுக்குப் பின் கணினி பழுதடைய, புதியதை வாங்கி அதே மென்பொருளை நிறுவுகிறார். ‘இவ்வுரிமம் வேறொரு கணினியில் பயன்பாட்டில் உள்ளது’ என்று திரை மறுக்கிறது. வரிக்கணக்கு அளிக்க வேண்டிய நாள் நெருங்குகிறது. தொலைபேசியிலோ எண்ணை அழுத்துமாறு கூறும் குரல் மட்டுமே கேட்கிறது. பக்கத்துக் கடைக்காரர் உடைத்த நகலைக் கொண்டு இடையூறின்றிக் கணக்கெழுதுகிறார். விலை கொடுத்தவர் தவிக்க, கொடாதவர் மகிழ்கிறார். இந்நிலை எவ்வாறு வந்தது, இதில் அறம் எது என்பதை ஆராய்வதே இவ்வுரையின் நோக்கம்.

இப்பூசலின் தொடக்கம் அமெரிக்காவில் உள்ளது. 1975ஆம் ஆண்டில் ஆல்டேர் 8800 என்னும் சிறு கணினி ஆர்வலரிடையே பரவியது. அதற்கான பேசிக் மொழியைப் பில் கேட்சும் அவருடைய தோழர்களும் உருவாக்கினர். துளையிட்ட காகித நாடாவில் அது விற்கப்பட்டது. கணினி ஆர்வலர் தம் கூட்டங்களில் நாடாவை நகலெடுத்துப் பகிர்ந்துகொண்டனர். 1976 பிப்ரவரி 3ஆம் நாளிட்டு, அப்போது இருபது வயதே நிரம்பியிருந்த கேட்சு ஒரு திறந்த மடல் எழுதினார். ஆல்டேர் வைத்திருப்போருள் பத்தில் ஒரு பங்கினரும் பேசிக்கை வாங்கவில்லை என்றும், வந்த உரிமத்தொகையைக் கணக்கிட்டால் உழைத்த ஒரு மணிக்கு இரண்டு டாலரும் தேறவில்லை என்றும் அவர் முறையிட்டார். ஆர்வலருக்கோ, நிரல்களைப் பகிர்ந்துகொள்வது தம் கூட்டத்தின் இயல்பான பழக்கம். உழைத்தவன் கூலி கேட்பதும், கற்றதைப் பகிர விரும்புவதும் தம்மளவில் நியாயமானவையே. இவ்விரண்டும் மோதிய இடத்தில்தான் பூட்டு பிறந்தது.

முதற்பூட்டுகள் ஃபிளாப்பித் தட்டிலேயே அமைந்தன. தட்டின் ஒரு பகுதியை விற்பவர்களே வேண்டுமென்று பழுதாக்கி வைத்தனர். சாதாரண முறையில் நகலெடுத்தால் அப்பழுது நகலில் வாராது. பழுதைக் காணாத நிரல் இயங்க மறுக்கும். 1983இல் வெளிவந்த லோட்டஸ் 1-2-3 என்னும் கணக்கீட்டு மென்பொருள், வன்தட்டில் ஏற்றிய பின்னும், தொடங்கும்போதெல்லாம் மூலத் தட்டினைச் செருகுமாறு கேட்டது. ஃபிளாப்பியோ தேய்வதும் பூஞ்சை பிடிப்பதும் இயல்பாகிய பொருள். தட்டு கெட்டால், வாங்கியவரின் உரிமையும் அதனுடன் கெட்டது. எனவே, பூட்டிய தட்டையும் நகலெடுக்கும் மென்பொருள்கள் வெளிப்படையாகவே கடைக்கு வந்தன. 1988இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று, அத்தகைய கருவியைக் கொண்டு உரிமையாளர் காப்பு நகல் எடுக்க இடமிருப்பதால் அக்கருவியின் விற்பனை பதிப்புரிமை மீறல் ஆகாது என்று தீர்ப்பளித்தது. வாடிக்கையாளர் வெறுப்பினால், அப்பத்தாண்டு முடிவதற்குள் வணிக மென்பொருள் நிறுவனங்கள் பல அவ்வகைப் பூட்டைத் தாமே கைவிட்டன.

காவலே கேடாக முடிந்த வரலாறும் உண்டு. 1986இல் லாகூரில் கணினிக் கடை நடத்திய சகோதரர் இருவர், தம் மருத்துவ மென்பொருளைக் களவாக நகலெடுப்போரை அறிதற்பொருட்டு ‘பிரெயின்’ என்னும் சிறு நிரலை எழுதினர். அதனுள் தம் பெயர், முகவரி, தொலைபேசி எண் ஆகியவற்றையும் வைத்தனர். அந்நிரல் தட்டு விட்டுத் தட்டு தாவி, கடல் கடந்தும் சென்றது. ஐ.பி.எம். வகைக் கணினிகளைத் தாக்கிய முதல் வைரசு என்று இன்று அதனைக் குறிக்கின்றனர். 2005இல் சோனி பி.எம்.ஜி. என்னும் இசை நிறுவனம் தன் குறுந்தகடுகளில் நகல் தடுக்கும் நிரலை வைத்தது. தகட்டைக் கணினியில் இட்டவுடன் அது கண்ணுக்குப் புலப்படாமல் உள்ளே பதிந்து, தீய நிரல்கள் ஒளிந்துகொள்ளவும் இடந்தந்தது. உண்மை வெளிப்பட்டதும் நிறுவனம் தகடுகளைத் திரும்பப் பெற்றது, வழக்குகளையும் எதிர்கொண்டது. களவு நகல் வைத்திருந்தவருக்கு இத்துன்பம் இல்லை. விலைக்கு வாங்கியவருக்கே நேர்ந்தது.

2001இல் விண்டோஸ் எக்ஸ்.பி. வெளிவந்தபோது ‘ஆக்டிவேஷன்’ என்னும் முறை வீடுதோறும் அறிமுகமாயிற்று. இருபத்தைந்து எழுத்தும் எண்ணும் கொண்ட திறவுகோலைத் தட்டச்சிட்டால் மட்டும் போதாது; கணினியின் உறுப்புகளைக் கொண்டு கணித்த அடையாளத்துடன் அதனை நிறுவனத்திற்கு அனுப்பி, முப்பது நாட்களுக்குள் ஒப்புதல் பெறவேண்டும். இணைய வசதி இல்லாதவர் தொலைபேசியில் ஐம்பது இலக்கங்களைத் தெரிவித்து, மறுமொழியாக வந்த நாற்பத்திரண்டு இலக்கங்களைப் பிழையின்றிப் பதிய வேண்டியிருந்தது. உறுப்புகள் பலவற்றை மாற்றினால் மீண்டும் அதே சடங்கு. ஆயினும், பெருநிறுவனங்களுக்கென ஒப்புதல் வேண்டாத வகையில் அளிக்கப்பட்ட திறவுகோல் ஒன்று, மென்பொருள் கடைக்கு வருமுன்பே வெளியே கசிந்தது. களவு செய்தவர் ஐம்பது இலக்கங்களையும் அறியார், நாற்பத்திரண்டையும் அறியார்.

பூட்டின் சாவி வாங்கியவர் கையில் இல்லாமல் தொலைவிலுள்ள சர்வரில் இருப்பதே இம்முறையின் உள்ளார்ந்த குறை. 2007 ஆகஸ்டில் மைக்ரோசாஃப்டின் சரிபார்ப்புச் சர்வரில் நேர்ந்த மனிதப் பிழையால், முறையாக வாங்கிய விண்டோஸ்களும் போலி எனக் காட்டப்பட்டன. 2010 மார்ச்சில் யுபிசாஃப்ட் நிறுவனத்தின் சர்வர்கள் தாக்கப்பட்டபோது, எந்நேரமும் இணைப்பை வேண்டிய அதன் விளையாட்டுகளை வாங்கியோர் ஆட இயலாது நின்றனர். 2013 மார்ச்சில் வெளிவந்த சிம்சிட்டி விளையாட்டும் சர்வர் நெரிசலால் முடங்கிற்று. அடோபி நிறுவனம் தன் பழைய சி.எஸ். 2 தொகுப்பிற்கான ஒப்புதல் சர்வரை அதே காலத்தில் நிறுத்தியது. ஆனால், முன்பே வாங்கியவர்க்கு ஒப்புதல் வேண்டாத பதிப்பையும் அதற்குரிய எண்ணையும் தானே வழங்கியது. சாவியை வைத்திருப்பவர் கடையை மூடும்போது வாங்கியவருக்கு என்ன கடமைப்பட்டிருக்கிறார் என்பதற்கு இது நல்லதொரு முன்மாதிரி.

இனி, அறத்தின் பக்கம் வருவோம். ‘ஒரு நகலை எடுப்பதால் மூலப்பொருள் குறையவில்லையே, உரியவரிடம் உள்ளது அங்கேயே இருக்கிறதே, இது எவ்வாறு களவாகும்?’ என்பதே இளைஞர் எழுப்பும் வினா. வினாவில் கூர்மை உண்டு. இழப்பைக் கொண்டு களவை அளந்தால் இதற்கு விடை கூறுவது கடினம். ஆனால் சமண மரபு களவை இழப்பால் அளக்கவில்லை. ‘கொடாததைக் கொள்ளுதல்’ என்றே வரையறுத்தது. உரியவன் எவ்வளவு இழந்தான் என்பது அங்கே வினா அன்று. அவன் மனமுவந்து கொடுத்தானா என்பதே வினா. கள்ளாமை என்னும் அணுவிரதத்தை ஏற்ற இல்லறத்தார்க்கு இவ்வரையறை ஒன்றே போதும்.

சமந்தபத்திரர் அருளிய இரத்தின கரண்ட சிராவகாசாரம் அவ்விரதத்தின் குற்றங்களாக ஐந்தனைக் கூறும். களவுக்கு வழிகாட்டுதல் ஒன்று. உடைக்கும் முறையைக் கற்பித்தல் இதன்பாற்படும். களவில் வந்த பொருளை ஏற்றல் இரண்டாவது. ‘எல்லாம் போட்டுத் தந்திருக்கிறோம்’ என்று விற்கப்படும் கணினியில் உள்ளவை எவ்வாறு வந்தன என்று கேளாமல் வாங்குவது இதனுள் அடங்கும். அரசநெறியை மீறுதல் மூன்றாவது. போலியை நல்லதனோடு கலத்தல் நான்காவது. அசலைப்போல் அச்சிட்ட போலித் தகடுகள் இதற்குச் சான்று. அளவைக் குறைத்துக் கொடுத்தலும் மிகுத்து வாங்குதலும் ஐந்தாவது. இவ்வைந்தாம் குற்றம் விற்பவனையும் நோக்கியது என்பதை ஊன்றிக் கருதுதல் வேண்டும். நிரந்தர உரிமை என்று விலை பெற்றுக்கொண்டு, சர்வரை நிறுத்தியோ காரணமின்றி மறுத்தோ அவ்வுரிமையைச் சுருக்குவது, முகத்தலளவையில் படியைச் சரித்து அளப்பதற்கு ஒப்பாகும். கொடாததைக் கொள்வது வாங்குவோன் குற்றமாயின், கொடுத்ததை மீண்டும் பறிப்பது விற்போன் குற்றமாகும்.

நகலெடுத்தல் தன்னளவில் தீதன்று என்பதற்கும் அம்மரபே சான்று. பத்தாம் நூற்றாண்டில் கன்னட நாட்டில் வாழ்ந்த அத்திமப்பை என்னும் பெருமாட்டி, பொன்னர் இயற்றிய சாந்திபுராணத்தை ஓலையில் ஆயிரம் படிகள் எழுதுவித்து வழங்கினார். அதனைச் சாத்திர தானம் என்று உலகம் போற்றிற்று. அங்கும் நகல்தான், ஆனால் அது கொடுக்கப்பட்டது. இங்கே செய்வது எடுத்துக்கொள்வது. வேறுபாடு செயலில் இல்லை, கொடையில் உள்ளது.

இந்நாட்டுச் சட்டமும் இருதரப்பையும் எண்ணியே அமைந்துள்ளது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் 1984இல் செய்த திருத்தம், கணினி நிரலை ‘இலக்கியப் படைப்பு’ என்னும் வரையறைக்குள் சேர்த்தது. நூலாசிரியனுக்குள்ள உரிமை நிரலாசிரியனுக்கும் உண்டு என்பதே இதன் பொருள். களவு நகல் என்று அறிந்தே கணினியில் பயன்படுத்துவோர்க்கு 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறையும், ரூ. 50,000 முதல் 2 இலட்சம் வரை தண்டமும் 63ஆ பிரிவில் கூறப்பட்டுள்ளன. வணிக ஆதாயமின்றிப் பயன்படுத்தியவர்க்குச் சிறையை விலக்க நீதிமன்றத்திற்கு இடமுண்டு. முறையாக வாங்கியவர், அழிவிலிருந்து காத்துக்கொள்ளத் தமக்கெனக் காப்பு நகல் எடுத்துக்கொள்வதையும் அதே சட்டம் அனுமதிக்கிறது. பூட்டை உடைப்பதைத் தண்டிக்க 2012இல் சேர்த்த 65அ பிரிவும், உரிமையை மீறும் நோக்கத்துடன் உடைப்பதையே குற்றம் என்கிறது. நோக்கத்தைக் கொண்டு வினையை அளப்பது இம்மரபினர்க்குப் புதிதன்று.

‘விலை எட்டாத உயரத்தில் இருக்கிறதே, படிக்கும் பிள்ளை என் செய்வான்?’ என்று பெற்றோர் கேட்கலாம். அதற்கு விடை உண்டு. 1983இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்பார், எவரும் பயன்படுத்தவும் ஆராயவும் திருத்தவும் பகிரவும் தக்க மென்பொருள்களை ஆக்குவோம் என்று குனூ திட்டத்தை அறிவித்தார். 1991இல் லினக்ஸ் தோன்றிற்று. 2010 முதல் வெளிவரும் லிப்ரே ஆஃபீஸ் கடிதமும் கணக்கும் எழுதப் போதுமானது. தமிழ் முகப்பிலும் கிடைக்கிறது. தமிழைக் கணினியில் எழுத உதவிய எ-கலப்பையும் அன்பர்கள் விலையின்றி வழங்கியதே. இவற்றில் உடைப்பதற்குப் பூட்டு இல்லை. நகலெடுப்பதும் குற்றமில்லை, ஏனெனில் இவை கொடுக்கப்பட்டவை. விலைக்கு விற்கும் நிறுவனங்கள் பலவும் மாணவர்க்குச் சலுகைப் பதிப்புகள் தருகின்றன. கேட்டுப் பெறுவதில் இழிவில்லை.

உடைத்த நகலால் வரும் தீங்கும் சிறிதன்று. 2009 சனவரியில், ஆப்பிள் நிறுவனத்தின் ஐவொர்க் தொகுப்பின் களவு நகலைப் பதிவிறக்கியவர்களின் கணினிகளில், அதனுள் ஒளித்திருந்த தீய நிரலும் உடன் குடிபுகுந்தது. உடைக்கும் நிரலை இயக்குமுன் வைரசுக் காவலை நிறுத்திவைக்கச் சொல்வது அங்கெல்லாம் வழக்கம். காவலாளியை வெளியே அனுப்பிவிட்டு முன்பின் அறியாதவனை வீட்டிற்குள் அழைக்க எந்த இல்லத்தரசி உடன்படுவார்?

விலை கொடுத்து வாங்குவோர் கைக்கொள்ள வேண்டியவை சில உள. எத்தனை கணினிகளில் நிறுவலாம், இணையமின்றி இயங்குமா, உரிமம் நிரந்தரமா, ஆண்டுச் சந்தாவா என்பவற்றை வாங்குமுன் கேட்டறிதல் வேண்டும். பற்றுச்சீட்டையும் உரிம எண்ணையும் கணினியில் மட்டுமன்றித் தாளிலும் எழுதி வைத்தல் வேண்டும். பழைய கணினியை விற்குமுன்பும் அழித்து நிறுவுமுன்பும், அதிலுள்ள உரிமத்தை விடுவித்துக்கொள்ளுதல் வேண்டும். முதலில் கூறிய வணிகர் இதனைச் செய்திருந்தால் பாதித் துன்பம் தவிர்ந்திருக்கும். கணினி திடீரெனப் பழுதாகிச் செய்ய இயலாமற் போயிருந்தால், பற்றுச்சீட்டே அவருக்குச் சான்றாக நின்றிருக்கும். கணக்குகளை வேறு மென்பொருளும் படிக்கத்தக்க வடிவில் அவ்வப்போது எடுத்து வைப்பதும் நன்று. எழுதிய கணக்கு அவருடையது. அதனை எவருடைய பூட்டுக்குள்ளும் முழுவதும் அடகு வைத்தலாகாது.

இவ்வளவும் செய்தும் பூட்டு மறுக்குமாயின், எழுத்து வடிவில் முறையிடுவதும் நுகர்வோர் ஆணையத்தை நாடுவதும் வாங்கியவரின் உரிமை. பொறுமை வேண்டும் வழி அது. பக்கத்துக் கடைக்காரரின் வழி எளிது. ஆயினும், இரவில் கல்லாப்பெட்டியை மூடும்போது, தமக்குக் கொடுக்கப்படாதது எதுவும் அப்பெட்டியில் இல்லை என்ற நிறைவு முன்னவருக்கே உரியது. இளைஞர்கள் தம் கணினியில் உள்ள ஒவ்வொரு மென்பொருளையும் நோக்கி, ‘இது எனக்குக் கொடுக்கப்பட்டதா?’ என்று ஒருமுறை கேட்டுப் பார்ப்பார்களாயின், இவ்வுரை தன் பயனை எய்தியதாகும்.