மூன்றாங்கட்சியும் உரிமை வேட்கையும்

(மதுரையில் ஆற்றிய பொழிவின் எழுத்து வடிவம்)



‘இரு பெருங்கட்சிகளுக்கு இடையே மூன்றாங்கட்சி தழைக்குமா?’ என்னும் வினா தேர்தல்தோறும் இம் மதுரைத் தெருக்களில் எழுவது. விடை காண விழைவார் முதற்கண் ஊன்றி நோக்க வேண்டுவது, இராசாசி தோற்றுவித்த சுதந்திராக் கட்சியை ஆகும். பெயர் வடசொல்லேயாயினும், அஃது எடுத்துக்கொண்ட பொருள் தனி மாந்தனின் உரிமை.

1959 சனவரியில் நாகபுரியில் கூடிய பேராயக் கட்சி, கூட்டுப் பண்ணை முறையை ஏற்றுத் தீர்மானித்தது. உழவன் தன் நிலத்தின்மேல் உள்ள உரிமையை இழப்பான் என்றும், இசைவுச் சீட்டும் உரிமச் சீட்டும் இன்றித் தொழில் செய்யவியலா நிலை கையூட்டையே வளர்க்கும் என்றும் இராசாசி இடித்துரைத்தார். அவ்வாண்டே இரங்காவைத் தலைவராகக் கொண்டு கட்சி எழுந்தது. நாடாளுமன்றத்தில் 1962-இல் 18 இடங்கள். 1967-இல் 44 இடங்கள். எதிர்க்கட்சிகளுள் அதுவே பெரிது. 1971-இலோ 8 இடங்களே. 1972-இல் இராசாசி மறைந்தார். 1974-இல் கட்சி, சரண்சிங்கின் பாரதிய லோக தளத்தில் கரைந்தது. பதினைந்தே ஆண்டு வாழ்வு!

கரணியங்கள் மூன்று.

ஒன்று: முன்வரிசையில் நின்றோர் பழைய அரச குடியினரும் பெருநிலக்கிழாரும் ஆலை முதலாளிகளும். மேலூரிலும் சோழவந்தானிலும் கூலிக்கு நாற்று நடும் தாய்க்குச் சொத்துரிமை என்பது எவர் வீட்டுப் பேச்சு?

இரண்டு: கட்சிக்குத் தமிழகத்தில் சொந்தக் கால் இல்லை. 1967-இல் தி.மு.க. கூட்டணியில் நின்று, 234 இடங்களுள் 20 பெற்றது. அதே கூட்டணியில், இராசாசி வாழ்நாளெல்லாம் எதிர்த்த பொதுவுடைமையரும் இருந்தனர். மதுரை நாடாளுமன்றத் தொகுதியில் வென்றவர் மார்க்சியப் பொதுவுடைமைக் கட்சியின் பி. இராமமூர்த்தி! தி.மு.க. தனித்தே பெரும்பான்மை பெற்றமையால், துணை நின்றவர் தயவு ஆட்சிக்குத் தேவைப்படவில்லை.

மூன்று: நம்பிக்கை. 1965-இல் இந்தியை எதிர்த்தவர் இராசாசி. எனினும் 1938-இல் அதனைப் பள்ளிகளில் கட்டாயமாக்கியவரும் அவரே. சிறைப்பட்டு 1939-இல் உயிர்நீத்த நடராசனையும் தாளமுத்துவையும் தமிழர் மறப்பரோ? மொழியுரிமையை ஒடுக்கிய கை தொழிலுரிமைக் கொடி ஏந்தினால், ஐயுறவே முந்தும்.

தேர்தல் முறையும் மூன்றாமவர்க்குப் பகை. தொகுதியில் முந்தியவர்க்கே இடம் என்பதால், எங்கும் பரந்து கிடக்கும் வாக்கு இடமாக மாறுவதில்லை. 2005-இல் மதுரையில் தோன்றிய தே.மு.தி.க., 2006-இல் எட்டு விழுக்காட்டை ஒட்டிய வாக்குப் பெற்றும் ஒரே இடம் கண்டது, 2011-இல் கூட்டணியால் 29, 2016-இல் ஒன்றுமில்லை. 2018-இல் மதுரையிலேயே தொடங்கிய மக்கள் நீதி மையமும் 2021-இல் ஓரிடமும் பெறவில்லை.

‘1972-இல் தோன்றிய அ.தி.மு.க. வென்றதே!’ எனலாம். உண்மை. அன்று மதுரை மாவட்டத்தில் இருந்த திண்டுக்கல்லில், 1973 இடைத்தேர்தலில் அது முதலிடம் பெற்றது. ஆளுங்கட்சி மூன்றாமிடம் போயிற்று. ஆனால் அது வெறுமையில் முளைத்ததன்று. தாய்க்கட்சியின் கிளைகளையும் தொண்டரையும் பெயர்த்துக்கொண்டு வந்தது. மூன்றாவதாக நிலைக்கவில்லை, இரண்டில் ஒன்றாயிற்று.

இதனின்று தமிழ்த்தேயம் விழைவார் கற்பது யாது? 1965 சனவரி 25-இல் இம் மதுரையில் மாணவர் ஊர்வலத்தை ஒட்டி மூண்ட தீ, ஈராண்டில் ஆட்சியையே மாற்றியது. அம் மாணவரிடம் கட்சிச் சின்னம் இல்லை, கொள்கை இருந்தது. கொள்கை முன்சென்றது, வாக்கு பின்வந்தது.

எனவே இரு பணிகள் உள. வாக்களவிற்கேற்ப இடம் பகிரும் முறையைக் கேட்க வேண்டும். இலங்கையின் 1978 அரசமைப்பே அதனை ஏற்றுள்ளது. அதனினும் முந்தியது, தெருத்தோறும் ஊர்தோறும் மக்களை ஆக்குவது. வேரூன்றாமல் கொடியேற்றுவார் பிறர் தோளில் ஏறி, பிறர் இறக்கிவிட்ட இடத்தில் நிற்பர். சுதந்திராக் கட்சி விட்டுச்சென்ற பாடம் இதுவே.

வெல்க தமிழ்!