கத்தரி வைக்கும் முன்…
(தையல் பயிற்சி நிறைவு நிகழ்ச்சியில் ஆற்றிய உரை)

 

நம் மாவட்டத்துப் பிள்ளைகள் பலர் பிழைப்புக்காகத் திருப்பூருக்கும் பெங்களூருக்கும் போகிறார்கள். வீட்டை விட்டுப் போக முடியாத பெண்களுக்குத் தையல் நல்ல கைத்தொழில். ஆனால் தெருவுக்கு நான்கு மெஷின் ஓடி, எல்லோரும் ஒரே மாதிரி ஜாக்கெட்டும் நைட்டியும் தைத்தால் கூலி குறைந்துகொண்டேதான் போகும். நம் வேலைக்கு உரிய விலை கிடைக்க வேண்டுமானால் டிசைனில் கவனம் வேண்டும்.

டிசைன் என்றதும் பூவேலையும் ஜரிகையும்தான் நினைவுக்கு வரும். நாம் சொல்வது, கத்தரி வைக்கும் முன் யோசிப்பதை. இதை யார் பயன்படுத்துவார்? எந்த இடம் முதலில் கிழியும்? கிழிந்தால் சரிசெய்ய முடியுமா? மிச்சத் துணி என்ன ஆகும்?

நம் வீட்டுக் கைலியைப் பாருங்கள். ஒரே ஒரு தையல். வெட்டி எறியும் துணி இல்லை. ஒல்லியானவரும் உடுத்தலாம், பருமனானவரும் உடுத்தலாம். பழசானால் அடுப்படியில் கைப்பிடித் துணி. இதற்கு மாறாக, ஆயத்த ஆடைத் தொழிலில் வெட்டும்போதே சுமார் 15 சதவீதத் துணி கழிவாகிறது என்று கணக்கிடுகிறார்கள். பருத்திக்குப் பாய்ச்சிய தண்ணீரும், சாயத்துக்கான செலவும், நாம் கொடுத்த காசும் அந்தக் கழிவோடு போகின்றன. வுளூ செய்யும் தண்ணீரில்கூட வீண்விரயம் கூடாது என்று கேட்டு வளர்ந்த நமக்கு இது புதிய பாடம் அல்ல.

இப்படி யோசித்துச் செய்தால் வியாபாரம் நடக்குமா? நம் மாவட்டத்திலேயே பதில் இருக்கிறது. அரூரைத் தாண்டி சிட்டிலிங்கிப் பள்ளத்தாக்கில், 1993-இல் மருத்துவர்கள் ரெஜி ஜார்ஜ், லலிதா தம்பதியர் பழங்குடி மக்களுக்காகச் சிறிய மருத்துவமனை தொடங்கினார்கள். அங்குள்ள லம்பாடித் தண்டாக்களில் பழைய கைத்தையல் பூவேலை மறைந்துகொண்டிருந்தது. அது தெரிந்த மூதாட்டிகள் சிலரே மிஞ்சியிருந்தார்கள். அவர்களிடம் இளம்பெண்கள் கற்றுக்கொள்ள, ‘பொர்கை’ என்ற கைவினைப் பெண்கள் சங்கம் உருவானது. லம்பாடி மொழியில் பொர்கை என்றால் பெருமிதம்.

அவர்கள் பழைய கனத்த பாவாடையையே மறுபடி தைத்து விற்கவில்லை. அதே பூவேலையைக் குர்தாவிலும் பையிலும் மெத்தை உறையிலும் போட்டார்கள். இயற்கைச் சாயமிட்ட பருத்தித் துணியைத் தேர்ந்தெடுத்தார்கள். வாங்குபவர் துணிக்கு மட்டுமல்ல, அந்தக் கைவேலைக்கும் விலை கொடுக்கிறார். மண்ணும் கெடவில்லை, கலையும் அழியவில்லை, பெண்களுக்குச் சொந்த ஊரிலேயே வருமானமும் கிடைக்கிறது.

நமக்கும் வாய்ப்பு இருக்கிறது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் தொடங்கியது. துணிப்பை நல்லதுதான், ஆனால் பல முறை பயன்பட்டால்தான் நல்லது. அரிசி போட்டதும் காது பிய்ந்துபோகும் பையும் குப்பைதான். வாங்கியவரும் மறுபடி வரமாட்டார்.

ஆகவே சகோதரிகளே, மூன்று வேண்டுகோள். முதலாவது, நீங்கள் தைக்கும் முதல் பையை விற்காதீர்கள். ஒரு மாதம் உங்கள் வீட்டுச் சந்தைச் சாமானை அதில் சுமந்து பாருங்கள். எங்கே தளர்கிறதோ அங்கே இரட்டைத் தையல் போடுங்கள். இரண்டாவது, வெட்டுத் துணியைக் கொட்டாதீர்கள். அளவு வாரியாகச் சேர்த்தால் தொப்பியாகும், சுருக்குப் பையாகும், பிள்ளைகளுக்கு ஒட்டுத்துணிப் போர்வையாகும். மூன்றாவது, விலை சொல்லும்போது துணி, நூல், கரண்டுச் செலவோடு உங்கள் உழைப்பு நேரத்தையும் கணக்கில் எழுதுங்கள். அதை விட்டுவிட்டால் லாபம் போலத் தெரிவது உங்கள் கூலியாகத்தான் இருக்கும்.

கடைக்காரச் சகோதரர்களுக்கும் ஒரு சொல்: வெளியூர்ப் பையை வாங்கும் முன் நம் தெருவில் தைத்த பையை ஒருமுறை இழுத்துப் பாருங்கள். உறுதியாக இருந்தால் வாங்குங்கள். இல்லாவிட்டால் குறையைச் சொல்லுங்கள். இரண்டுமே இந்தப் பெண்களுக்கு உதவிதான்.