நொய்யலில் இறங்கிய உப்பு

வளரும் நாட்டில் முதலில் மாசு கூடும், வருமானம் ஒரு கட்டத்தைத் தாண்டியதும் அது குறையத் தொடங்கும் என்று பொருளியலில் ஒரு கருத்து உண்டு. கேட்க நிம்மதியாக இருக்கிறது. ஆனால் அது தானாக நடக்காது என்பதற்குத் திருப்பூர் சாட்சி.

உள்நாட்டுச் சந்தைக்கு வெள்ளை பனியன் தைத்துக்கொண்டிருந்த ஊர் அது. 1980களில் ஏற்றுமதி சூடுபிடித்ததும் வண்ணத் துணிக்கு மாறியது. நொய்யல் ஆற்றின் கரைகளில் சாயப்பட்டறைகள் பெருகின. பருத்தியில் சாயம் பிடிக்கத் தண்ணீரில் உப்பை அள்ளிக் கொட்ட வேண்டும். சாயம் பெரும்பாலும் துணியோடு போய்விடும், உப்பு கழிவுநீரோடு வெளியே வரும். பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் கட்டினார்கள். நிறம் மங்கியது, உப்பு அப்படியே இருந்தது. நீரில் கரைந்த உப்பைச் சுண்ணாம்பும் எடுக்காது, நுண்ணுயிரும் தின்னாது. அது நிலத்தில் இறங்கிக் கிணறுகளைக் கெடுத்தது. அந்த ஆற்றில் பாசனத்துக்கென்று கட்டி 1992இல் முடித்த ஒரத்துப்பாளையம் அணை, சாயக்கழிவு தேங்கும் குட்டையாகிவிட்டது.

பணம் கொழித்த காலத்தில்தான் இத்தனையும் நடந்தது. அதை நிறுத்தியது வருமானம் அல்ல, ஆயக்கட்டு விவசாயிகள் தொடுத்த வழக்கு. சொட்டுக் கழிவும் ஆற்றுக்குப் போகக்கூடாது என்று 2006இல் சென்னை உயர் நீதிமன்றம் வற்புறுத்தியது. அது நிறைவேறாததால் 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகள் அத்தனையையும் மூடச் சொன்னது. எழுநூறுக்கும் மேற்பட்டவை மூடின. கூலி இழந்த குடும்பங்களின் துயரம் சிறிதல்ல. ஆற்றைக் கெடுத்தது அவர்கள் முடிவும் அல்ல.

அதன் பிறகே சவ்வு வடிகட்டிகளும் ஆவியாக்கிகளும் முழுமூச்சாக ஓடின. இன்று தண்ணீரையும் உப்பின் பெரும்பகுதியையும் மீட்டு மறுபடி சாயத்துக்கே பயன்படுத்துகிறார்கள். தொழில் அழியவில்லை: ஏற்றுமதி ஆண்டுக்கு 30,000 கோடி ரூபாயைத் தாண்டிவிட்டது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். திருப்பூர் மூடிக்கிடந்தபோது சாயவேலையில் ஒரு பகுதி வேறு மாவட்டங்களுக்கு நகர்ந்தது. உலக அளவிலும் இதே கதைதான். பணக்கார நாடுகள் ஆடையை வாங்குகின்றன, சாயம் போடும் வேலையை நம்மிடம் விட்டுவிட்டன. அங்கே ஆறுகள் தெளிந்ததில் இந்த இடமாற்றத்துக்கும் பங்கு உண்டு. இங்கே திருப்பூரிலோ, மீட்டதுபோகப் பிரிக்க முடியாத கலப்பு உப்பு சுத்திகரிப்பு நிலையக் கொட்டகைகளில் மூட்டை மூட்டையாகச் சேர்கிறது. அதை அகற்றும் செலவையும் சட்டையின் விலையில் சேர்த்துக் கேட்கும் உரிமை திருப்பூருக்கு உண்டு.