நோயின் பெயரும் மனிதனின் பெயரும்

(நமது பங்கின் பொன்விழா ஆண்டில், பிப்ரவரி 11, உலக நோயாளர் தினத்தன்று, மருத்துவ முகாமின் தொடக்கத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)

 



இன்று லூர்து அன்னையின் திருநாள். 1992-ஆம் ஆண்டு திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் இந்நாளை உலக நோயாளர் தினமாக ஏற்படுத்தினார். அதனால்தான் பொன்விழாக் குழுவினர் இம்மருத்துவ முகாமை இந்நாளில் வைத்திருக்கிறார்கள். “முகாமுக்கு முன் சாமி சில வார்த்தை பேச வேண்டும்” என்று கேட்டார்கள்.

நான் மருத்துவன் அல்லேன். ஆயினும் இப்பங்கிற்கு வந்த நாள் முதல் ஒரு வேலை எனக்குத் தானாகவே வந்து சேர்ந்திருக்கிறது. ஆஸ்பத்திரிச் சீட்டை வாசித்துச் சொல்லும் வேலை அது! “சாமி லத்தீன் படிச்சவங்க, இதுல என்ன எழுதியிருக்குன்னு பாருங்க” என்று சீட்டோடு வருகிறீர்கள்.

ஒரு நாள் ஒரு தாய் அழுதுகொண்டே வந்தார். மகளின் சீட்டில் ‘க்ரானிக் டெர்மடைட்டிஸ்’ என்று எழுதியிருந்தது. “க்ரானிக்னா முத்திப்போச்சுன்னு அர்த்தம், புத்துநோயா இருக்கும்” என்று யாரோ சொல்லிவிட்டார்களாம். மூன்று நாளாக அந்த வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. நான் சொன்னேன்: “அம்மா, கிரேக்க மொழியில் க்ரோனோஸ் என்றால் காலம். டெர்மா என்றால் தோல். இட்டிஸ் என்று முடிந்தால் அழற்சி. நெடுநாளாக இருக்கும் தோல் அழற்சி என்றுதான் டாக்டர் எழுதியிருக்கிறார். புற்றுநோய் என்ற பேச்சே இதில் இல்லை.” அந்தத் தாய் சிரித்த சிரிப்பை நான் மறக்க முடியாது.

ஆகவே இன்று உங்களுக்குச் சில சாவிகளைத் தருகிறேன். ‘இட்டிஸ்’ என்று முடிந்தால் அழற்சி என்று கண்டோம். ‘ஆல்ஜியா’ என்றால் வலி. நியூரால்ஜியா என்பது நரம்பு வலி. ‘ஓமா’ என்றால் பெரும்பாலும் கட்டி. எல்லாக் கட்டியும் புற்றுநோய் அன்று, லிப்போமா என்பது வெறும் கொழுப்புக் கட்டி. ‘என்செஃபலோ’ என்று தொடங்கினால் மூளை. ‘சைக்கோ’ என்றால் மனம். ‘சிண்ட்ரோம்’ என்றால் சேர்ந்து ஓடுவது, அதாவது பல அறிகுறிகள் ஒன்றாக வருவது. ‘அக்யூட்’ என்றால் திடீரென்று வந்தது. தீராதது என்று பொருளன்று. ‘மைக்ரேன்’ என்ற சொல்லின் மூலம் ‘பாதி மண்டை’ என்பது. நம் முன்னோர் ‘ஒற்றைத் தலைவலி’ என்றார்கள். கிரேக்கனுக்கும் தமிழனுக்கும் ஒரே வலி, ஒரே பெயர்!

இந்தச் சாவிகள் அச்சத்தைத் திறந்துவிடத்தான். மருந்து எது என்பதை டாக்டரிடமே கேட்க வேண்டும்.

தோலில் தெரிவது

தோல் நோய்களில் நம்மை மிகவும் நடுங்கவைக்கும் பெயர் குஷ்டம். பெருவியாதி என்றும் சொல்வோம். பழைய ஏற்பாட்டில் லேவியர் நூல் 13, 14 அதிகாரங்களை வாசித்தால் ஒரு வியப்பு காத்திருக்கிறது. அங்கே அதே எபிரேயச் சொல் மனிதரின் தோலுக்கு மட்டுமன்றி, துணிக்கும் வீட்டுச் சுவருக்கும் சொல்லப்படுகிறது. சுவருக்குத் தொழுநோய் வருமா? ஆகவே அச்சொல் பலவகைத் தோல் கோளாறுகளையும், துணியிலும் சுவரிலும் படரும் கறைகளையும் ஒன்றாகக் குறித்தது என்பது தெளிவு. அதைக் கிரேக்கத்தில் ‘லெப்ரா’, அதாவது செதில் படர்ந்தது, என்று மொழிபெயர்த்தார்கள். பல நோய்களுக்கு ஒரே பெயர் சூட்டியதால் எத்தனை பேர் ஊருக்கு வெளியே நின்றார்களோ, இறைவனே அறிவார்!

1873-இல் நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் தொழுநோய்க் கிருமியைக் கண்டறிந்தார். அது முன்வினையும் அல்ல, சாபமும் அல்ல, கிருமி என்று அன்று தெளிவாயிற்று. 1981-இல் உலக சுகாதார நிறுவனம் கூட்டு மருந்துச் சிகிச்சையைப் பரிந்துரைத்தது. இன்று 6 முதல் 12 மாதங்களில் இந்நோய் முற்றிலும் குணமாகிறது. அரசு மருத்துவமனையில் மருந்து இலவசம். உணர்ச்சியற்ற தேமல் இருந்தால் உடனே காட்ட வேண்டும், அவ்வளவே. விரல் மடங்குவதும் புண்ணாவதும் நரம்பு மரத்துப்போன பிறகு வருபவை. ஒளித்து வைத்தவர்களுக்கே அவை பெரும்பாலும் வருகின்றன. பெயருக்கு அஞ்சி ஒளிக்கிறோம். ஒளிப்பதால் ஊனம் வருகிறது. ஊனத்தைப் பார்த்துப் பெயருக்கு மேலும் அஞ்சுகிறோம். இந்தச் சுழலை வெட்ட வேண்டாமா?

இன்னொரு கொடுமை ‘வெண்குஷ்டம்’ என்ற சொல். தோலின் நிறமி குறைவதால் வரும் வெண்புள்ளி அது. தொற்றாது, உணர்ச்சி போகாது, குஷ்டத்தோடு அதற்கு எந்த உறவும் கிடையாது. அந்த ஒரு தவறான பெயரால் நின்றுபோன திருமணங்கள் நம் பங்கிலும் உண்டு. இனிமேல் வெண்புள்ளி என்றே சொல்லுங்கள்.

அக்கி பற்றியும் ஒரு வார்த்தை. அக்கி வந்தால் குயவர் வீட்டுக்குப் போய்க் காவியால் எழுதிக்கொள்ளும் வழக்கம் உண்டு. டாக்டர்கள் இதை ‘ஹெர்பீஸ் சோஸ்டர்’ என்பார்கள். ஹெர்பீஸ் என்றால் ஊர்வது. சோஸ்டர் என்றால் அரைக்கச்சை. சிறு வயதில் வந்த சின்னம்மைக் கிருமி நரம்பில் ஒளிந்திருந்து, பின்னாளில் உடலின் ஒரு பக்கமாகக் கச்சை போலக் கிளம்புகிறது. மூன்று நாளுக்குள் மாத்திரை தொடங்குவது நல்லது. கண்ணருகே வந்தால் ஒரு நாளும் தாமதிக்கலாகாது. காவி எழுதி முடிப்பதற்குள் அந்த மூன்று நாளும் போய்விடுகின்றன.

மூளையில் நடப்பது

‘காக்காய் வலிப்பு’ என்கிறோம். காக்கைக்கும் இதற்கும் என்ன உறவு? ‘கால் கை வலிப்பு’ என்பதே பேச்சில் அப்படித் திரிந்தது என்பர் பெரியோர். கிரேக்கர் ‘எபிலெப்சி’ என்றார்கள். பிடித்துக்கொள்வது என்று பொருள். மத்தேயு நற்செய்தி 17-ஆம் அதிகாரத்தில் தந்தை ஒருவர் தம் மகனை ஆண்டவரிடம் கொண்டுவருகிறாரே, அங்கே கிரேக்கச் சொல்லின் நேர்ப்பொருள் ‘நிலவால் தாக்குண்டவன்’ என்பது. பிடிப்பது யார்? சிலர் நிலா என்றார்கள், சிலர் பேய் என்றார்கள். இன்று நாம் அறிவோம்: மூளையின் மின்னோட்டத்தில் சிறிது நேரம் ஏற்படும் கலக்கம் அது. தக்க சிகிச்சை பெற்றால் 10 பேரில் 7 பேர் வரை வலிப்பின்றி வாழலாம்.

திருச்சபையின் மகனாக ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். 1917-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம், வலிப்பு நோயாளர், மனநோயாளர், பேய் பிடித்தோர் மூவரையும் ஒரே வரியில் வைத்து, அவர்கள் குருப்பட்டம் பெறத் தடை விதித்திருந்தது. 1983-இல் வந்த புதிய சட்டத்தில் வலிப்பு நோய் என்ற பேச்சே இல்லை. நம் நாட்டிலும் 1999-இல் இந்து திருமணச் சட்டத்திலிருந்தும் சிறப்புத் திருமணச் சட்டத்திலிருந்தும் அத்தடை நீக்கப்பட்டது. சட்டப் புத்தகத்திலிருந்து போன சொல் நம் நாவிலிருந்து போகவில்லையே!

யாருக்காவது வலிப்பு வந்தால் இரும்புச் சாவியைத் தேடாதீர்கள். ஒருக்களித்துப் படுக்கவையுங்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள், ஐந்து நிமிடத்திற்கு மேல் நீடித்தால் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

‘டிமென்ஷியா’ என்ற லத்தீன் சொல்லுக்கு மனம் அகன்று போதல் என்று பொருள். மறதி நோய் என்கிறோம். 1906-இல் ஜெர்மானிய மருத்துவர் அல்சைமர் இதன் ஒரு வகையை விளக்கினார். சாப்பிட்ட பின்னும் “எனக்குச் சோறு போடலை” என்று சொல்லும் முதியவர் மருமகள்மீது பழி போடவில்லை. அவர் மூளை தேய்கிறது. இதை அறிந்தால் எத்தனை வீடுகளில் சண்டை ஓயும்!

மனத்தில் படுவது

இங்கே நான் என் பாவத்தை உங்கள் முன் சொல்ல வேண்டியவனாக இருக்கிறேன்.

நான் குருப்பட்டம் பெற்ற புதிதில், வேறொரு பங்கில் உதவிக் குருவாக இருந்தேன். ஒரு தாய், கல்லூரியில் படிக்கும் தன் மகனை அழைத்து வந்தார். யாரோ காதில் பேசுகிறார்கள் என்றான். சோற்றில் விஷம் என்று உண்ண மறுத்தான். ஊரார் பேய் என்றார்கள். நானும் தலையில் கை வைத்துச் செபித்து, தீர்த்தம் தெளித்து, ஒரு திருத்தலத்தின் பெயரைச் சொல்லி, அங்கே போய்த் தங்குங்கள் என்று அனுப்பிவிட்டேன். இரண்டு ஆண்டு கழித்து அவனைப் பார்த்தபோது கணுக்காலில் சங்கிலித் தழும்பு இருந்தது. செவிலியரான ஒரு கன்னியர்தாம் அவனை மனநல மருத்துவரிடம் சேர்த்திருந்தார். மருந்தால் தெளிந்துவிட்டான். ஆனால் படிப்புப் போயிற்று. இரண்டு ஆண்டும் போயின. அவன் தாய் என்மேல் குறை சொல்லவில்லை. “நீங்க சொன்னீங்களேன்னுதான் அங்கேயே கிடந்தோம் சாமி” என்றார். அந்தச் சொல் இன்றும் என்னைக் குத்துகிறது.

செபித்தது தவறன்று. செபித்துவிட்டு மருத்துவரிடம் அனுப்பாததே தவறு. பேயோட்டும் சடங்கிற்கு ஆயரின் தனி அனுமதி வேண்டும் என்று திருச்சபைச் சட்டம் 1172-ஆம் எண் சொல்கிறது. 1999-இல் வெளிவந்த புதிய சடங்கு நூல், முதலில் நோயா என்று ஆராயவும், தேவையெனில் மருத்துவர் கருத்தைக் கேட்கவும் பணிக்கிறது. குருமடத்தில் படித்த சட்டம், அந்தத் தாயின் முன் எனக்கு நினைவுக்கு வரவில்லை.

அத்தம்பியின் நோய்க்கு ‘ஸ்கிட்சோஃப்ரினியா’ என்று பெயர். 1908-இல் சுவிஸ் மருத்துவர் பிளாய்லர் வைத்த பெயர். பிளவுண்ட மனம் என்று பொருள். சினிமாவில் காட்டுவது போல ஒருவனுக்குள் இரண்டு ஆள் இருப்பதன்று. எண்ணமும் உணர்வும் ஒன்றோடொன்று இசையாமற் போவதே இது. ஜப்பானில் இந்நோயின் பெயர் மிகவும் கொடியதாக ஒலித்ததால் மருத்துவர்களே நோயாளியிடம் சொல்லத் தயங்கினார்கள். 2002-இல் பெயரையே மாற்றினார்கள். அதன்பின் நோயாளியிடம் உண்மையைச் சொல்லும் மருத்துவர் கூடினார்கள். ஒரு சொல்லுக்கு எவ்வளவு வல்லமை, பாருங்கள்!

2001 ஆகஸ்ட் 6-ஆம் நாள் இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளர் தீவிபத்தில் சிக்கினர். 28 பேர் இறந்தனர். 2017-ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் சங்கிலியிடுவதை அடியோடு தடைசெய்திருக்கிறது. இது பிற சமயத்தாருக்கு மட்டும் சொன்ன பாடம் என்று எண்ணிவிடாதீர்கள். என் கண்ணால் கண்ட தழும்பு நம் பிள்ளையின் காலில் இருந்தது.

‘மன அழுத்தம்’ என்ற சொல்லை எல்லாவற்றிற்கும் பயன்படுத்துகிறோம். பரீட்சை, கடன் முதலிய பாரம் வேறு. இரண்டு வாரத்திற்கு மேலாக எதிலும் நாட்டமின்றி, உறக்கமும் பசியும் கெட்டு, வாழ்வே வேண்டாம் என்று தோன்றும் மனச்சோர்வு வேறு. அது விசுவாசக் குறைவன்று, நோய். “செபமாலை சொன்னால் சரியாகும்” என்று சொல்லி நிறுத்திவிடாதீர்கள். செபமாலை சொல்லுங்கள், மருத்துவரிடமும் அழைத்துச் செல்லுங்கள். 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் இலவசமாக மனநல ஆலோசனை கிடைக்கிறது. தற்கொலையால் இறந்தவர்க்கு அடக்கச் சடங்கை மறுத்த பழைய சட்டத்தையும் 1983-இல் திருச்சபை விட்டுவிட்டது. அத்தகைய வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போகிறவர்கள் இதையும் நினைவில் கொள்ளுங்கள்.

பெத்தானியாவின் சீமோன்

இறுதியாக ஒன்று. பெத்தானியாவில் ஆண்டவர் விருந்துண்ட வீட்டுக்காரரை நற்செய்தி ‘தொழுநோயாளர் சீமோன்’ என்கிறது. விருந்து வைக்கிறார், ஊருக்குள் இருக்கிறார். அப்படியானால் அவர் குணமானவராகத்தான் இருக்க வேண்டும் என்று விரிவுரையாளர் பலர் கருதுகின்றனர். நோய் போயிற்று, பெயர் போகவில்லை! ஆண்டவர் அந்தப் பெயரைப் பொருட்படுத்தாமல் அவர் பந்தியில் அமர்ந்தார்.

நம் பங்கில் எத்தனை சீமோன்கள்! “வலிப்புக்காரன் வீடு”, “பைத்தியக்காரி மகள்” என்று வழி சொல்கிறோம். இப்பொன்விழாவின் நினைவாக இரண்டு காரியம் செய்வோம். ஒருவரையும் நோயால் அழையாமல், ஞானஸ்நானத்தில் பெற்ற பெயரால் அழைப்போம். ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு, இரண்டாம் திருப்பலிக்குப் பின், நம் பங்கின் செவிலியர்கள் பங்குமனையில் இருப்பார்கள். புரியாத சீட்டை அங்கே கொண்டுவாருங்கள். கூடவே நானும் இருப்பேன். எனக்குத் தெரியாததை டாக்டரிடம் கேட்டுச் சொல்வேன். அன்று அந்தத் தாயிடம் செய்யத் தவறியதை இனியாவது செய்வேன்.

நோயுற்றோரின் ஆரோக்கியமான அன்னை மரியா நமக்காக வேண்டிக்கொள்வாராக. ஆமென்.